திரிபின் அளவும் திரிபின் குணமும்



வீட்டில் அமர்ந்து இசைத்தட்டையோ வேறு ஒலிப்பதிவையோ கேட்டு மகிழும் வழக்கம் நம்மில் பெரும்பாலோர்க்கு ஏற்பட்டுவிட்ட இந்நாளில், அவ்விசையை நம் செவிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஆம்ப்ளிஃபயர் என்னும் சாதனம் எவ்விதம் அமைக்கப்படுகிறது, அது இசைக்கு இழைக்கும் குற்றங்கள் எவை, அக்குற்றங்களைப் போக்க அறிஞர்கள் ஏறக்குறைய நூறாண்டு காலமாக என்னென்ன உபாயங்களைக் கையாண்டு வந்திருக்கிறார்கள் என்பவற்றைப் பற்றிப் பேசுமாறு இச்சபையார் என்னைப் பணித்தார்கள். சங்கீதத்திலும் மின்னியலிலும் ஒருங்கே பற்றுடைய எனக்கு இதனினும் உவப்பான பணி வேறொன்று இல்லை.

நான் கூறப்போகும் செய்திகள் பல. ஆயினும் அவை யாவும் ஒரே கருத்தைச் சுற்றி நிற்பன. ஓர் ஆம்ப்ளிஃபயர் இசையில் கலந்துவிடும் திரிபை அளவு ஒன்றைக் கொண்டே மதிப்பிடுவது போதாது. அத்திரிபு எந்தெந்த ஸ்வரங்களாக வெளிப்படுகிறது, இசை பலமாக ஒலிக்கும்போது மிகுகிறதா அன்றி மெலிந்து ஒலிக்கும்போது மிகுகிறதா, தாழ்ந்த அதிர்வெண்களில் நேர்கிறதா உயர்ந்தவற்றில் நேர்கிறதா என்னும் அதன் குணத்தையும் அறிந்தாலன்றி, செவியின் அனுபவத்துக்கும் அளவுகோலின் கணக்குக்கும் இடையே எழும் பிணக்குத் தீர்வதில்லை. அந்தப் பிணக்கு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு படிப்படியாகத் தீர்ந்தது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் அளவுள்ள மின்னழுத்தம்; 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட் சக்தி கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 28 வோல்ட் தேவை. அந்தச் சிறிய சைகையை, அதன் வடிவம் எள்ளளவும் மாறாமல், இந்தப் பெரிய சைகையாக ஆக்குவதே ஆம்ப்ளிஃபயரின் தொழில். உள்ளே செல்வதைக் கிடைக்கோட்டிலும் வெளியே வருவதை நிலைக்கோட்டிலும் குறித்து ஒரு படம் வரைந்தால், குற்றமற்ற ஆம்ப்ளிஃபயருக்கு அது நேர்கோடாகவே அமையும். ஆனால் இயற்கை நமக்கு அளித்திருக்கும் எந்த உறுப்பும் அப்படி நேரானது அன்று. வால்வில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கைத் தழுவி வளைகிறது; டிரான்ஸிஸ்டரிலோ அதைவிட வேகமாக, அடுக்குக்குறி விதிப்படி வளைந்து மேலேறுகிறது. இவ்வளைந்த உறுப்புகளைக் கொண்டு நேர்கோட்டை எழுப்புவது எங்ஙனம் என்பதே ஆம்ப்ளிஃபயர் அமைப்போர் எக்காலத்தும் தமக்குத் தாமே விடுத்துக்கொண்ட வினா.

வளைந்த கோட்டின் வழியே ஒரு தூய ஸ்வரத்தைச் செலுத்தினால், அந்த ஸ்வரத்தோடு கூட அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண்களால் பெருக்கிய அதிர்வெண்களும் புதிதாகத் தோன்றுகின்றன. இவற்றையே சீரிசைகள் என்கிறோம். இவற்றின் இயல்பை நம் சங்கீத பாஷையிலேயே விளக்கிக் கூறலாம். ஆதார ஸட்ஜத்தை 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோமானால், இரண்டாவது சீரிசை 400 ஹெர்ட்ஸ், அதாவது மேல் ஸட்ஜம். மூன்றாவது 600, அந்த ஸ்தாயியின் பஞ்சமம். நான்காவது மறுபடியும் ஸட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். ஆறாவது மீண்டும் பஞ்சமம். இதுவரை வந்தவை எல்லாம் சுருதியோடு இணங்குபவையே ஆதலால், இவை சிறிதளவு கலந்தாலும் செவி அவற்றைக் குற்றமென்று உணராமல் நாதத்தின் செழுமை என்றே ஏற்றுக்கொள்ளக்கூடும். ஏழாவது சீரிசைக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. 1400 ஹெர்ட்ஸில் விழும் அவ்வொலி கைசிகி நிஷாதத்துக்கும் கீழே தாழ்ந்து, நமது பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களுள் எதிலும் பொருந்தாமல் நிற்கிறது. பதினொன்றாவது சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலும், பதின்மூன்றாவது இரண்டு தைவதங்களுக்கு இடையிலும் விழுகின்றன. எனவே, எந்த ஆம்ப்ளிஃபயரின் திரிபு இரண்டாவது மூன்றாவது சீரிசைகளோடு அடங்கிவிடுகிறதோ அதனையும், எதன் திரிபு ஏழு, ஒன்பது, பதினொன்று என்று உயர்ந்துகொண்டே போகிறதோ அதனையும் ஒரே சதவீத எண்ணைக் கொண்டு சமமென்று கூறுவது நியாயமாகாது.

இதற்குச் செவியின் அமைப்பும் காரணமாகும். பலமான ஒரு ஸ்வரம் ஒலிக்கும்போது, அதற்குச் சற்று மேலே உள்ள மெல்லிய ஒலிகள் அதனால் மறைக்கப்பட்டு நம் உணர்வுக்கு எட்டாமல் போகின்றன. வெகு தூரம் மேலே உள்ளவையோ அவ்வாறு மறைவதில்லை. ஆகவே தாழ்ந்த சீரிசைகளுக்கு இயற்கை ஒரு திரையைப் போட்டு வைத்திருக்கிறது. உயர்ந்த சீரிசைகளுக்கு அத்திரை இல்லை.

சீரிசைகளைக் காட்டிலும் கொடிய தீங்கு ஒன்று உண்டு. தம்புராவிலும் வீணையிலும் எழும் நாதத்தில் எத்தனையோ சீரிசைகள் இயல்பாகவே நிறைந்துள்ளன. தம்புராவின் குதிரையின் மேல் நூலை நகர்த்தி ஜீவாளி சேர்க்கும் வித்வான் அவற்றை வேண்டுமென்றே வரவழைக்கிறார். அப்படியிருக்க ஆம்ப்ளிஃபயரும் சில சீரிசைகளைச் சேர்த்தால் என்ன கேடு என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை இதுதான். தம்புராவும் குரலும் வயலினும் காற்றில் ஒருங்கே ஒலிக்கும்போது, ஒன்றன் நாதம் மற்றொன்றின் நாதத்தைத் தொடுவதில்லை. காற்று அவ்வளவு நேர்மையான ஊடகம். ஆனால் அவை மூன்றும் ஒரே மின்சைகையாகச் சேர்ந்து வளைந்த கோடுடைய ஆம்ப்ளிஃபயருக்குள் புகும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றோடு கலந்து, கூட்டியும் கழித்தும் பெறப்படும் புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. தம்புரா 200 ஹெர்ட்ஸில் ஸட்ஜத்தை ஒலிக்க, பாடகர் கரகரப்ரியாவில் சதுச்ருதி ரிஷபத்தில், அதாவது 225 ஹெர்ட்ஸில், கார்வை கொடுத்து நிற்கிறார் என்று கொள்வோம். ரிஷபத்தை இரட்டித்து ஸட்ஜத்தைக் கழித்தால் 250 ஹெர்ட்ஸ் வருகிறது. அது அந்தர காந்தாரம். சாதாரண காந்தாரமே உரிய அந்த ராகத்தில், பாடகரும் பாடாத, பக்கவாத்தியக்காரரும் வாசியாத அந்நிய ஸ்வரம் ஒன்றை ஆம்ப்ளிஃபயர் தானே பாடிவிடுகிறது. ஸட்ஜத்தை இரட்டித்து ரிஷபத்தைக் கழித்தாலோ 175 ஹெர்ட்ஸ் என்று எந்த ஸ்வரமும் ஆகாத ஒலி ஒன்று கிடைக்கிறது. பெரிய வாத்திய கோஷ்டியின் இசையைக் கேட்கும்போது வாத்தியங்கள் தனித்தனியே விளங்காமல் மங்கலாகக் குழம்புவதற்குப் பெரும்பாலும் இக்கலப்புத் திரிபே காரணம்.

இனி இக்குற்றங்களைக் களைய எடுத்த முயற்சிகளின் வரலாற்றுக்கு வருவோம். அதன் முதல் பெரும் நிகழ்ச்சி சங்கீதத்தின் பொருட்டு நிகழ்ந்தது அன்று. தொலைபேசியின் பொருட்டு நிகழ்ந்தது. அமெரிக்க தேசத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை குரலைக் கம்பி வழியே அனுப்ப, இடையிடையே பல ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் சேர்க்கும் சிறு திரிபு அடுத்ததில் பெருகி, கடைசியில் பேச்சே விளங்காத நிலை ஏற்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்ட் பிளாக் என்னும் இளம் பொறியாளர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் சிந்தித்து வந்தார். 1927 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் காலை, ஹட்ஸன் நதியைக் கடக்கும் படகில் வேலைக்குச் சென்றுகொண்டிருக்கையில் அவருக்கு விடை தோன்றிற்று. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதி வைத்தார்.

அவர் கண்டது எதிர்ப் பின்னூட்டம் என்னும் தத்துவம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளிவரும் சைகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, உள்ளே நுழையும் சைகையிலிருந்து கழிக்க வேண்டும். வெளியே வந்தது உள்ளே சென்றதன் உண்மையான பிரதியாக இருந்தால், கழித்த பின் எஞ்சுவதும் அதே வடிவத்தில் இருக்கும். வெளியே வந்ததில் திரிபு கலந்திருந்தாலோ, அத்திரிபு தலைகீழாக உள்ளே புகுந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை பெருக்கம். 20 டெசிபல் பின்னூட்டம் கொடுத்தால் பெருக்கம் பத்தில் ஒரு பங்காகும். ஏறக்குறைய அதே விகிதத்தில் திரிபும் பத்தில் ஒரு பங்காகும். பெருக்கத்தைப் பெறவே அனைவரும் பாடுபட்ட அக்காலத்தில், பெற்ற பெருக்கத்தை வலிந்து இழப்பதே வழி என்று ஒருவர் சொன்னது பலருக்கு ஏற்புடையதாக இல்லை. 1928 இல் அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1937 இல் தான் கிடைத்தது. இதற்கிடையே பின்னூட்டத்திலும் ஓர் அபாயம் உண்டு என்பது வெளிப்பட்டது. சைகை ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிவரக் காலம் பிடிக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களில் அத்தாமதத்தால் கழிக்கப்பட வேண்டியது கூட்டப்பட்டுவிட்டால், ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலையத் தொடங்கி ஊளையிடும். எந்த எல்லைவரை பின்னூட்டம் கொடுக்கலாம் என்பதை 1932 இல் ஹாரி நைக்விஸ்ட் கணித முறையில் நிறுவினார். அவருக்குப் பின் ஹெண்ட்ரிக் போடே அதனை அமைப்பாளர்கள் கையாளத்தக்க முறையாகச் செப்பம் செய்தார். இவ்விருவரின் கணிதம் இல்லையேல் பிளாக்கின் கண்டுபிடிப்பு நடைமுறையில் நிலைபெற்றிராது.

இத்தத்துவம் இல்லத்துக்கு வந்தது இங்கிலாந்தின் வழியாக. 1945 இல் ஹெரால்ட் லீக் திரிபு 0.1 சதவீதமே உள்ள ஆம்ப்ளிஃபயரை 'பாயிண்ட் ஒன்' என்ற பெயரிலேயே வெளியிட்டார். 1947 இல் டி. டி. என். வில்லியம்ஸன் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையின் ஏப்ரல், மே இதழ்களில் எழுதிய கட்டுரை உலகெங்கும் உள்ள ஆர்வலர்களைக் கவர்ந்தது. டிரையோடு முறையில் இணைத்த இரண்டு கேடி66 வால்வுகள், 15 வாட் சக்தி, 20 டெசிபல் பின்னூட்டம், 0.1 சதவீதத்துக்கும் குறைவான திரிபு: இவை அதன் லட்சணங்கள். இந்த எண்களைக் காட்டிலும் அவர் கையாண்ட முறையே நாம் கற்க வேண்டியது. வால்வு ஆம்ப்ளிஃபயரின் கடைசி உறுப்பு டிரான்ஸ்ஃபார்மர். இரும்பும் செம்பும் சேர்ந்த அவ்வுறுப்புக்கும் தனித் திரிபு உண்டு. அதையும் பின்னூட்ட வட்டத்துக்குள் அடக்கினால் அதன் திரிபும் திருந்தும். ஆனால் அதன் சுற்றுகளில் எழும் தாமதத்தால் ஆம்ப்ளிஃபயர் ஊளையிடும் அபாயமும் கூடும். வில்லியம்ஸன், சுற்றுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒன்றன் இடையில் ஒன்றாகச் சுற்றச் செய்து டிரான்ஸ்ஃபார்மரையே முதலில் உயர்ந்ததாக ஆக்கிக்கொண்டார். வால்வுகளையும் அவற்றின் வளைவு மிகக் குறைந்த பகுதியிலேயே இயக்கினார். அதன் பிறகே பின்னூட்டத்தைச் சேர்த்தார். முதலில் உறுப்புகளை இயன்றவரை நேராக்கு, பின்பு எஞ்சிய குற்றத்தைப் பின்னூட்டத்தால் போக்கு என்னும் இந்த ஒழுங்குமுறை இன்றளவும் மாறாத தர்மமாக இருந்து வருகிறது. 1951 இல் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் பரப்பிய அல்ட்ரா-லீனியர் இணைப்பும், 1953 இல் வெளிவந்த குவாட் II ஆம்ப்ளிஃபயரும் அதே பரம்பரையைச் சேர்ந்தவை.

இவ்வாறு வால்வு ஆம்ப்ளிஃபயர் செம்மையுற்று நின்ற வேளையில் டிரான்ஸிஸ்டர் வந்தது. கனத்த டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, வெப்பம் குறைவு, விலையும் நாளடைவில் குறைந்தது. 1956 இல் எச். சி. லின் வெளியிட்ட சர்க்யூட் முறை, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஆம்ப்ளிஃபயருக்கு வழி திறந்தது. 1960 களில் வீடுகளுக்கு வந்த டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் அச்சுத்தாள்களில் திரிபின் அளவு வால்வு ஆம்ப்ளிஃபயருக்குச் சமமாகவோ அதனினும் குறைவாகவோ குறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் கேட்டவர்கள், இசை வறண்டும் கரகரத்தும் ஒலிக்கிறது என்று முறையிட்டார்கள். அளவுகோல் ஒன்று சொல்ல, செவி மற்றொன்று சொல்லிற்று. இதுவே நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட பிணக்கு.

காரணம் இது. சக்தியைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, 'பி' வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் அலையின் மேல்பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொரு டிரான்ஸிஸ்டரும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றுலக்கை போட்டு நெல் குத்தும்போது, ஒருத்தி உலக்கையை எடுப்பதும் மற்றவள் போடுவதும் லயம் தவறாமல் அமைய வேண்டியிருப்பது போல, ஒரு டிரான்ஸிஸ்டர் விடும் இடத்திலேயே மற்றது பற்றிக்கொள்ள வேண்டும். சிலிக்கன் டிரான்ஸிஸ்டரோ ஏறத்தாழ 0.6 வோல்ட் வரும்வரை விழித்தெழுவதில்லை. இரண்டுக்கும் பயாஸ் என்னும் தொடக்க மின்னழுத்தத்தை முன்கூட்டியே கொடுத்துச் சிறிது மின்னோட்டம் ஓடச் செய்தாலும், வெப்பம் மாறும்போது அந்த அளவு மாறிவிடுகிறது. இதனால் அலை சூனியத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு முறிவு ஏற்படுகிறது. இதையே கிராஸ்ஓவர் திரிபு என்பர். கூர்மையான முறிவு ஆதலால் இது ஏழு, ஒன்பது, பதினொன்று என்னும் உயர்ந்த சீரிசைகளைப் பிறப்பிக்கிறது. அன்றியும், வால்வின் திரிபு ஒலி பலக்கும்போது மிகுந்து, மெலியும்போது மறைந்துவிடும். இம்முறிவோ ஒலி எவ்வளவு மெலிந்தாலும் அதற்கேற்பக் குறைவதில்லை. ஆகையால் முழுச் சக்தியில் 0.1 சதவீதம் என்று அளந்த அதே ஆம்ப்ளிஃபயர், வீணையின் மெல்லிய கமகம் தேய்ந்து மறையும் தருணத்தில் அதைவிடப் பல மடங்கு திரிபைக் கலந்துகொண்டிருக்கும். வீட்டில் நாம் பெரும்பாலும் கேட்பது ஒரு வாட் அளவிலேயே அன்றோ? அளந்தது ஓரிடத்தில், கேட்டது வேறோர் இடத்தில். செவி பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. கருவியிடம் கேட்ட கேள்விதான் குறைபாடுடையதாக இருந்தது.

இங்கே ஒரு செய்தியை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். 1950 ஆம் ஆண்டிலேயே பி.பி.சி. நிறுவனத்தின் டி. ஈ. எல். ஷார்ட்டர் என்பவர், ஒவ்வொரு சீரிசைக்கும் அதன் வரிசை எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்துக் கிடைக்கும் மடங்கைக் கொடுத்து எடைபோட வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவர் கணக்குப்படி இரண்டாவது சீரிசைக்கு ஒரு பங்கு எடை என்றால், மூன்றாவதற்கு 2.25, ஏழாவதற்கு 12.25, பதினொன்றாவதற்கு 30.25. செவியின் அனுபவத்தை எண்ணாக்க முயன்ற இந்த முறை ஏட்டளவில் நின்றுவிட, எல்லாச் சீரிசைகளையும் ஒரே நிறையாகக் கூட்டிச் சொல்லும் எளிய எண்ணே வியாபாரத்தில் நிலைத்தது. ஷார்ட்டரின் முறை மட்டும் ஏற்கப்பட்டிருந்தால், அடுத்த இருபது ஆண்டுகளில் ரஸிகர்களும் பொறியாளர்களும் ஒருவரையொருவர் அவநம்பிக்கையோடு பார்க்கும் நிலை பெரிதும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கிராஸ்ஓவர் திரிபிலிருந்து தப்ப ஒரு வழி 'ஏ' வகுப்பு. அதில் இரண்டு டிரான்ஸிஸ்டர்களும் எந்நேரமும் விழித்தே இருக்கின்றன. ஆகவே கைமாறும் இடம் என்பதே இல்லை. ஜே. எல். லின்ஸ்லி ஹூட் 1969 இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில், நான்கே டிரான்ஸிஸ்டர்கள் கொண்ட 10 வாட் 'ஏ' வகுப்பு ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டு, வில்லியம்ஸனின் வால்வு ஆம்ப்ளிஃபயரை உரைகல்லாகக் கொண்டு அதனை மதிப்பிட்டார். இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சக்தி முழுவதும் வெப்பமாகக் கழிவது அவ்வகையின் குறை. 1975 இல் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் வெளியிட்ட 405, சிறிய 'ஏ' வகுப்பு ஆம்ப்ளிஃபயர் ஒன்று திருத்தத்தை மேற்கொள்ள, பெரிய டிரான்ஸிஸ்டர்கள் பயாஸ் ஏதுமின்றிச் சுமையை மட்டும் தாங்கும் நூதன முறையில் அமைந்தது.

இக்காலத்திலேயே பின்னூட்டத்தின் மீதே பெரிய விவாதம் எழுந்தது. ஃபின்லாந்து நாட்டின் மாட்டி ஓட்டலா 1970 இல் எழுதிய கட்டுரையில், சைகை திடீரென்று எழும்போது, பின்னூட்டம் வந்து சேர்வதற்குள் ஆம்ப்ளிஃபயரின் முதற்பகுதி தாங்கும் எல்லையைக் கடந்து ஸ்தம்பித்துவிடுகிறது என்று காட்டினார். அதிலிருந்து, மிகுந்த பின்னூட்டமே இசைக்குப் பகை என்னும் கொள்கை பரவிற்று. நாளடைவில் தெளிவுற்றது வேறு. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் 20 கிலோஹெர்ட்ஸ் அலையை முழுப் பலத்தில் தர வேண்டுமானால், அதன் மின்னழுத்தம் ஒரு மைக்ரோ விநாடியில் 5 வோல்ட் மாறக்கூடியதாக இருக்க வேண்டும். அதைப்போல் சில மடங்கு வேகத்தை அமைத்துவிட்டால், முதற்பகுதி ஸ்தம்பிப்பதில்லை. முதல் டிரான்ஸிஸ்டர்களின் எமிட்டரில் சிறு தடைகளைச் சேர்ப்பது போன்ற எளிய உபாயங்களாலேயே அது கைகூடுகிறது. குற்றம் பின்னூட்டத்தின் மிகுதியில் இல்லை, வேகத்தின் குறைவில் இருந்தது.

இவ்விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது பீட்டர் பாக்ஸண்டால் 1978 இல் காட்டிய சோதனை. இரண்டாவது சீரிசையை மட்டுமே தரும் இயல்புடைய டிரான்ஸிஸ்டர் ஒன்றுக்குச் சிறிதளவு பின்னூட்டம் கொடுத்தால், இரண்டாவது சீரிசை குறைகிறது. ஆனால் முன்பு இல்லாத மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீரிசைகள் புதிதாகத் தோன்றுகின்றன. திருத்துவதற்காகத் திருப்பி அனுப்பிய திரிபே மறுபடியும் வளைந்த கோட்டின் வழியே சென்று மேலும் திரிவதே அதற்குக் காரணம். பின்னூட்டத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போனால், அப்புதிய சீரிசைகள் ஓர் எல்லைவரை வளர்ந்து, பின்பு அவையும் வீழ்கின்றன. ஆக, பின்னூட்டமே இல்லாத ஆம்ப்ளிஃபயரின் திரிபு மென்மையானது. அரைகுறைப் பின்னூட்டம் பெற்றதன் திரிபு அளவிற் குறைந்து குணத்திற் கொடியது. நிறைந்த பின்னூட்டம் பெற்றதில் அளவும் குணமும் ஒருங்கே செம்மையுறுகின்றன. பின்னூட்டத்தைப் பழித்தவர்கள் நடுவிலே உள்ள நிலையைக் கேட்டுவிட்டுப் பழித்தார்கள்; அவர்கள் செவி உண்மையையே உணர்ந்தது, முடிவு மட்டுமே தவறிற்று.

டக்ளஸ் ஸெல்ஃப் 1993 முதல் எழுதிய கட்டுரைத் தொடரில், ஆம்ப்ளிஃபயரின் திரிபு ஒன்றன்று, தனித்தனிக் காரணமுள்ள பல திரிபுகளின் கூட்டம் என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உரிய பரிகாரத்தை வகுத்தார். முதற்பகுதியின் வளைவு, நடுப்பகுதியின் வளைவு, கடைசிப் பகுதியின் கைமாற்றம் என்பவற்றோடு, கம்பிகளைக் கொண்டுபோகும் பாதையையும் அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். மேல்பாதி மின்னோட்டம் ஒரு கம்பியிலும் கீழ்ப்பாதி மற்றொரு கம்பியிலும் ஓடும்போது, அக்கம்பிகளைச் சுற்றி எழும் காந்தப் புலம் அருகிலுள்ள சைகைக் கம்பியில் புகுந்து திரிபை விளைவிக்கிறது. பின்னூட்டத்துக்கான சைகையைச் சர்க்யூட் பலகையின் எந்தப் புள்ளியிலிருந்து எடுப்பது என்பதும் திரிபைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்தால், விலையுயர்ந்த உறுப்பு எதுவும் இன்றியே, சாதாரண 'பி' வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் 1 கிலோஹெர்ட்ஸ் திரிபு 0.001 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. டிரான்ஸிஸ்டரை விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி இயக்கும் 'டி' வகுப்பும், புரூனோ புட்ஸேஸ் போன்றோரின் முயற்சியால், வடிகட்டியையும் பின்னூட்ட வட்டத்துக்குள் அடக்கி அதே செம்மையை எய்தியிருக்கிறது.

இவ்வளவு செம்மை செவிக்குத் தெரியுமா என்பது நியாயமான கேள்வி. 1978 இல் ஜேம்ஸ் மாய்ர் நடத்தி 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட சோதனையில், வால்வால் அமைந்த குவாட் II, டிரான்ஸிஸ்டரால் அமைந்த குவாட் 303, 405 ஆகிய மூன்றும், எது ஒலிக்கிறது என்பதை அறிவிக்காமல் மாற்றி மாற்றி ஒலிக்கப்பட்டன; கேட்டவர்களால் அவற்றை வேறு பிரித்து அறிய இயலவில்லை. நன்கு அமைந்த ஆம்ப்ளிஃபயர்களை, அவற்றின் சக்தியின் எல்லைக்குள் இயக்கினால், அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமை மிக மிகச் சிறிது என்பதே இதனால் விளங்குவது. சில வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் உண்மையாகவே கேட்கக்கூடிய வேற்றுமைக்கு, இரண்டாவது சீரிசையோடு, அவற்றின் வெளியீட்டுத் தடை அதிகமாக இருப்பதும் காரணம். ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுவதால், அத்தகைய ஆம்ப்ளிஃபயர் சில ஸ்வரங்களைச் சற்றுப் பலப்படுத்தியும் சிலவற்றை மெலிவித்தும் காட்டுகிறது.

ஆகையால் வீட்டில் இசை கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. முதலாவது, திரிபின் அளவை முழுச் சக்தியில் மட்டும் கேளாதீர்கள். ஒரு வாட் அளவில் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவது, 1 கிலோஹெர்ட்ஸ் கணக்கோடு நில்லாமல் 10, 20 கிலோஹெர்ட்ஸிலும் எவ்வளவு என்று பாருங்கள். அதிர்வெண் உயர உயரப் பின்னூட்டம் குறைவதால், குறைபாடு அங்கேதான் தலைகாட்டும். மூன்றாவது, சீரிசைகளைத் தனித்தனியே காட்டும் வரைபடம் கிடைக்குமாயின், உயர்ந்த சீரிசைகள் விரைந்து வீழ்கின்றனவா என்று நோக்குங்கள். நான்காவது, சக்தியின் எல்லையை மறவாதீர்கள். சராசரியாக ஒரு வாட்டில் கேட்கும் இசையில், மிருதங்கத்தின் ஒரு பலத்த அடி அதைக் காட்டிலும் 20 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் பத்து மடங்கும் சக்தியில் நூறு மடங்கும், எழுமானால் அத்தருணத்துக்கு 100 வாட் வேண்டும். அது கிடையாத ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையையே வெட்டிவிடும். இல்லங்களில் நேரும் திரிபுகளில் மிகப் பெரியது இதுவே. ஐந்தாவது, சிறந்த ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் திரிபைக் காட்டிலும் ஸ்பீக்கர் சேர்க்கும் திரிபு பல நூறு மடங்கு பெரிது. ஆதலால் ஆம்ப்ளிஃபயர் தகுதியுடையதாக அமைந்துவிட்டால், எஞ்சிய பொருளை ஸ்பீக்கருக்கும் அதை வைக்கும் அறைக்கும் செலவிடுவதே விவேகம்.

பொறியியல் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை கூறி முடிக்கிறேன். வில்லியம்ஸனும் லின்ஸ்லி ஹூடும் பாக்ஸண்டாலும் ஸெல்ஃபும் தம் சர்க்யூட்டுகளை எல்லோரும் படிக்கும் பத்திரிகைகளில் அளவுகளோடும் குறைகளோடும் வெளியிட்டார்கள். கைத்திறமையுள்ள எவரும் அவற்றைச் செய்து பார்த்து, பிழை கண்டால் எழுதித் தெரிவிக்க முடிந்தது. செவிக்கும் கருவிக்கும் இருந்த பிணக்குத் தீர்ந்தது அவ்வெளிப்படையினால்தான். ரஸிகர் குறை சொன்னால், அதைப் பிரமை என்று தள்ளிவிடாமல், எந்தக் கேள்வியை நாம் கருவியிடம் கேட்க மறந்தோம் என்று தேடுங்கள். தேடிக் கண்டதை ஒளிக்காமல் எழுதுங்கள். வித்வான் பாடாத ஸ்வரம் எதுவும் நம் சாதனத்தில் ஒலிக்கக்கூடாது என்பதே இத்தொழிலின் முழு லட்சியம். அதனை அடைவதற்கு வேண்டிய அறிவு இன்று எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தே கிடக்கிறது.